வேப்பிலைப் படம் ஒட்டிய கேன்

ராஜாராமன் சார் நல்லவர் என்று டெல்லித் தமிழர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயிலில் அன்னதானம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்பார். விழா என்றால் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஜங்புராவில் எங்கள் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப்பை இடித்த அன்று பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கையில் கொடுத்தவர். நானும் அவரை நல்லவர் என்று ஊரெல்லாம் சொன்னவள்தான். அதே வாயால் இதையும் சொல்கிறேன்.

என் பெயர் முத்துமாரி. வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் எறும்புக்கும் கரையானுக்கும் மருந்தடிக்கிற வேலை. இதில் பெண்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்பீர்கள். கரப்பான் குடியிருப்பது அடுப்படியில். முன்பின் தெரியாத ஆம்பளையை அடுப்படிக்குள் விட எந்த வீட்டம்மாவுக்கும் மனசு வராது. டெல்லியில் எத்தனையோ பேர் இந்தத் தொழில் செய்கிறார்கள், ஆனால் இந்த விஷயம் ராஜாராமன் சார் மூளைக்குத்தான் முதலில் எட்டியது. அவர் நேராக எங்கள் கேம்ப்புக்கு வந்தார். பத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எங்களைப் பொறுக்கி எடுத்து, பச்சைக் கோட்டு மாட்டி, முதுகில் டேங்க்கைக் கட்டி, ஆர்.கே.புரம், லோதி ரோடு என்று சர்க்கார் குவார்ட்டர்ஸ்களுக்கு அனுப்பினார். தமிழ் வீடுகள்தான் அதிகம். தமிழ் பேசுகிற பெண் வந்து நின்றால் மாமிகளுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மீதிக் கவலை தீர்க்கத்தான் கை காட்டுவது.

கோட்லாவில் இருக்கும் கம்பெனி குடோனில் முதல் நாள் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். சுவரோரம் பெரிய பெரிய கேன்கள். ஒவ்வொன்றின் மேலும் பழைய காகிதத்தைச் சுரண்டிவிட்டு வேப்பிலைப் படம் ஒட்டியிருந்தது. சார் தன் தோள்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். நீல மூடி, ஓரத்தில் நெருப்புப் பட்டு உருகின தழும்பு. உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஏதோ. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, எல்லோரும் பார்க்க நாக்கால் நக்கினார்.

"வேப்பெண்ணெய், அவ்வளவுதாம்மா. மூலிகை. கைக்கொழந்தை நக்கினாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க பயந்தா கஸ்டமர் பயப்படுவா. நீங்க தைரியமா கை காட்டினா அவாளுக்கும் தைரியம் வரும்."

பிறகு கேனிலிருந்து ஊற்றித் தண்ணீர் கலந்து எங்கள் கையில் விட்டார். அதுவும் பால் மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது. நாங்களும் நக்கினோம். கசந்தது. வேப்பிலை கசக்காமல் இனிக்குமா என்று நினைத்துக்கொண்டோம். வேப்பிலை என்றால் எங்களுக்கு மாரியாத்தா. அம்மை போட்டால் அதைத்தான் படுக்கையில் விரிப்போம், ஆடியில் அதைத்தான் வாசலில் கட்டுவோம். என் பெயரிலேயே அவள் இருக்கிறாள். கேன் மேல் அந்த இலையைப் பார்த்ததும் நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மருந்து பட்ட கையோடு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி வேறு என்ன செய்வாள்.

கையுறை தரவில்லை. கேட்டதற்கு, கையுறை போட்டுக்கொண்டு போனால் இது விஷம் போலிருக்கிறது என்று கஸ்டமர் நினைத்துக்கொள்வார் என்றார். சரியாகத்தான் பட்டது. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கை காட்டுவதில் நான் கெட்டிக்காரி. ராஜாத்தி என்று என்னோடு வேலை செய்கிறவள், அவள் விரல் நுனியைத் தொட்டு வைப்பாள். நான் அப்படியில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றி, முழங்கை வரைக்கும் சந்தனம் பூசுகிற மாதிரி பூசி, கடைசியில் நாக்கில் வைத்து, சிரித்துக் காட்டுவேன். லோதி ரோட்டில் காமாக்ஷி மேடம் என்று ஒருவர் இருந்தார். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். என்னைப் பார்த்தாலே, "முத்துமாரி, மொதல்ல கையைக் காட்டு, அப்புறம் ஆரம்பி" என்பார். பிற்பாடு துவாரகாவில் சொந்த ஃபிளாட் வாங்கிப் போன பிறகும் நான்தான் வர வேண்டும் என்று கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்வார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

வேலை முடிந்தால் வாயில் எச்சில் ஊறும். நிற்கவே நிற்காது. ராஜாத்தி ஒரு பிளாஸ்டிக் பையை இடுப்பில் செருகி வைத்திருப்பாள், துப்பித் துப்பி முடிச்சுப் போடுவாள். கசப்பு நாக்கில் பட்டதால் ஊறுகிறது என்றோம். கண் மங்கினால் தூசி என்றோம். வேர்த்துக் கொட்டினால் வெயில். நெஞ்சை அடைத்தால் டெல்லிப் புகை. இந்த ஊரில் ஒரு வசதி, எது வந்தாலும் பழியைத் தூக்கிப் போடப் புகை இருக்கிறது.

போன வருஷம் ஜூனில் கேம்ப் போயிற்று. நரேலாவில் வீடு என்று கொடுத்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் அங்கிருந்து வேலைக்கு வருவதற்குள் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். பழைய வீடுகளையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்கள் முழித்துக்கொண்டு நின்றோம். ராஜாராமன் சார்தான் வேன் ஏற்பாடு செய்தார். காலையில் நரேலாவுக்கு வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த வேன் இல்லையென்றால் எங்களில் யாருக்கும் வேலை இல்லை. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் துவாரகாவில் காமாக்ஷி மேடம் வீட்டில் கை காட்டிவிட்டு, சிங்குக்கு அடியில் குனிந்து அடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நின்றது. நின்று, யோசித்து, பிறகு தடதடவென்று ஓடி, மறுபடி நின்றது. கிளட்ச் போன பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி விட்டத்து விளக்குதான். மேடம் தன் காரிலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

அங்கே ஜ்யோத்ஸ்னா என்று ஒரு டாக்டர். இளவயசு, தமிழ் முகம், தமிழ்தான் பாதி. நெஞ்சில் வயர்களை ஒட்டிக் கோடு எடுத்துப் பார்த்துவிட்டு, டார்ச்சை என் கண்ணில் அடித்தார். என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். மூலிகை மருந்து அடிக்கிறேன் என்று நான் பெருமையாகவே சொன்னேன். அவர் என் கோட்டுக் கையைத் தூக்கி முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. உடனே அந்தத் துணியெல்லாம் கழற்றச் சொல்லி, நர்ஸை விட்டு என்னைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். ரத்தமும் எடுத்தார்கள்.

மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நரம்பு உடம்புக்கு ஒரு கட்டளை போடும். வேலை முடிந்ததும் அந்தக் கட்டளையை அழிக்க ரத்தத்திலும் நரம்பிலும் ஒரு சரக்கு இருக்கிறது. இந்த மருந்து அந்தச் சரக்கைத் தின்றுவிடும். அப்புறம் கட்டளை அழியாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வாய்க்கு எச்சில் ஊறு என்றால் ஊறிக்கொண்டே இருக்கும். இதயத்துக்கு மெதுவாகப் போ என்றால் நிற்கிற அளவுக்கு மெதுவாகப் போகும், இல்லாவிட்டால் தாறுமாறாக ஓடும்.

"காக்ரோச் அப்படித்தாம்மா மர்தா ஹை, சாகுது" என்றார். "உங்களுக்கும் சேம் விஷயம். பட் தோடா தோடா. கொஞ்சம் கொஞ்சமா."

எனக்கு அப்பாவும் நெஞ்சுவலியில்தான் போனார், அதனால் இருக்குமோ என்று கேட்டேன். இருக்கலாம், அதை இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் ரத்தத்தில் அந்தச் சரக்கு ரொம்பக் குறைந்திருப்பது அப்பா கொடுத்ததில்லை என்றார். ஒரு மாசம் மருந்துப் பக்கமே போகாதே, இதயம் தானாக ஒழுங்குக்கு வருகிறதா பார், வந்தால் உனக்கே தெரியும் என்றார். மறுபடி தொட்டால் ஒரு நாள் ஓடுகிற இதயம் ஓடாமலே நின்றுவிடும் என்பதையும் சொன்னார்.

வீட்டில் கிடந்தேன். நாள் ஆக ஆக எச்சில் நின்றது. கண் தெளிந்தது. நரேலாவில் எங்கள் மாடியிலிருந்து எதிர் பில்டிங் கொடியில் காய்கிற துணியின் பூவெல்லாம் தெரிந்தது. நெஞ்சு சொன்ன பேச்சைக் கேட்டு ஒரே சீராக அடித்தது.

அப்போது ராஜாராமன் சார் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அத்தனை தூரம், அந்த மாடிப்படியேறி. என் வீட்டுக்காரர் விஜயன் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இதயம் குடும்பத்தில் வருகிற விஷயம், உங்கள் அப்பாவுக்கும் இருந்தது என்று நீதானே சொன்னாய், மூலிகை மேல் பழி போடாதே என்றார். வீடு போன கவலையும் ஒரு காரணம் என்றார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தவர் சொல்லும்போது மனசுக்கு அது சரியென்றே படும். விஜயனும் தலையாட்டினார். வேன் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

போனேன். முதல் வீட்டில் கை காட்டினேன். மத்தியானத்துக்குள் வாயில் எச்சில் பொங்கியது, கண் மங்கியது, நெஞ்சு நின்று நின்று அடித்தது. அப்பாவாவது, கவலையாவது. டேங்க்கைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டு வாசலிலேயே அழுதேன்.

சாயங்காலம் வேனில் ராஜாத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பையில் துப்பிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை நெஞ்சின் மேல் இருந்தது. ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. இந்த ஊரு பொகை."

இதே வார்த்தையைத்தான் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். வேனில் இருந்த பெண்களையெல்லாம் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எல்லோர் இடுப்பிலும் ஒரு பை இருந்தது.

அடுத்த நாள் சாரிடம் போய், இனிமேல் மருந்து தொட மாட்டேன், மற்றவர்களுக்கும் கையுறையும் முகமூடியும் கொடுங்கள், கை காட்டச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் அவர் சாமர்த்தியம். பேனாவைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். துவாரகாவில் காமாக்ஷி மேடம் குடியிருக்கும் சொசைட்டியில் எல்லா ஃபிளாட்டுக்கும் வருஷம் முழுக்க மருந்தடிக்க ஒரே கம்பெனியைப் பிடிக்கப் போகிறார்களாம். அங்கே மேடம்தான் செயலாளர். சின்னப் பிள்ளைகள் நிறைய இருக்கிற இடம், அதனால் எல்லோருக்கும் முன்னால் ஹாலில் வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள். நான் அன்றைக்கு மேடையேறி ஒரே ஒரு தடவை கை காட்ட வேண்டும். மேடம் வீட்டில் மயங்கி விழுந்தவளே திரும்பி வந்து காட்டினால், யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. காட்டிவிட்டால் அதோடு எனக்கு மருந்து வேலை கிடையாது. ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கலாம், அதே சம்பளம், அதே வேன்.

"மத்தவங்களுக்கு, சார்?" என்று கேட்டேன்.

"அவாளுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. உனக்குத்தானே" என்றார்.

வீட்டில் விஜயன் ஒரே வார்த்தைதான் சொன்னார், ஒரு தடவைதானே என்று. ராஜாத்தியும் அதையே சொன்னாள். நீ ஆபீசில் போய் உட்காருக்கா, எங்களில் ஒருத்தியாவது தப்பித்தால் சரி என்றாள். நல்ல மனசுதான். மாட்டேன் என்றால் வேலை போகும். சரி என்றால் என்னைக் காட்டியே ராஜாத்தியை இன்னும் எத்தனையோ அடுப்படிகளுக்கு அனுப்புவார்கள். இரண்டில் எது என்று தெரியாமலேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறினேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம். டேங்க்குகளுக்கெல்லாம் குடோனில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டியிருந்தோம். சோறு போடுகிற ஆயுதமாயிற்றே. என் டேங்க்கின் நெற்றியில் குங்குமம் அழியாமல் இருந்தது. மருந்தடித்துக் காட்டுவதற்காகக் காலையிலேயே கலந்து நிரப்பி வைத்திருந்தார்கள். ராஜாத்தியும் மற்றப் பெண்களும் பச்சைக் கோட்டோடு ஹாலின் பின்பக்கம் சுவரோரம் நின்றார்கள். கொலுப்படிகளை இன்னும் பிரிக்கவில்லை. முன்வரிசையில் காமாக்ஷி மேடம். ஹால் நிறைய ஜனம், இடுப்பில் குழந்தையோடு நிறைய அம்மாக்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் திரை போட்ட ஒரு சந்து. சார் என்னை அங்கே கூப்பிட்டுத் தோள்பையைத் திறந்து ஒரு பாட்டிலை என் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுல மருந்து கெடையாதும்மா. வெறும் தண்ணி, கலருக்கு ரெண்டு ஸ்பூன் பால். மேடையில இதை ஊத்திக் காட்டிடு. அது ஒடம்புக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் உன்னை நக்கச் சொல்லுவேனா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் காலில் விழலாம் என்றுகூடத் தோன்றியது. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். மூடி மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. மருந்து பாட்டில் மேல் எந்த ஈயும் உட்காராது. அதை ஓட்டினேன். அது எழுந்து போனதும் மூடி தெரிந்தது.

நீல மூடி. ஓரத்தில் உருகின தழும்பு.

குடோனில் முதல் நாள் அவர் நக்கிக் காட்டினாரே, அதே பாட்டில். அன்றைக்கும் அவர் பையிலிருந்துதான் வந்தது. எங்களுக்கு ஊற்றியது கேனிலிருந்து. அவருக்குப் பாலும் தண்ணீரும், எங்களுக்கு விஷம். இரண்டும் ஒரே வெள்ளை. ஆகாது என்று இன்றைக்குத்தான் தெரிந்ததா அவருக்கு? முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தன் நாக்குக்குத் தனியாக ஒரு பாட்டில் வைத்திருந்திருக்கிறார், இத்தனை வருஷமும் பத்திரமாக.

கலங்கின கண் அப்படியே காய்ந்துவிட்டது. நெஞ்சு ஒரு துடிப்பை விட்டது. விடட்டும் என்று நின்றேன்.

மேடையில் சார் அழகாகப் பேசினார். வேம்பின் பெருமை, நம் முன்னோர் அறிவு, உழைக்கும் பெண்களுக்கு வாழ்வு கொடுத்த கதை. கைதட்டினார்கள். பிறகு, மேடம் வீட்டில் மயங்கி விழுந்த நம் முத்துமாரியே உங்களுக்குக் காட்டுவாள், அவளுக்கு இருந்தது பரம்பரை நெஞ்சுவலி, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி என்னை முன்னால் விட்டார். டேங்க் முதுகில் கனத்தது. கையில் பாட்டில்.

"முத்துமாரி, ஒடம்பு இப்போ தேவலையா?" என்று காமாக்ஷி மேடம் கீழேயிருந்து கேட்டார். "முடிஞ்சா காட்டு. இல்லேன்னா வேண்டாம்."

நான் மூடியைத் திருகினேன். உள்ளங்கையில் ஊற்றவில்லை. அண்ணாந்து, பாட்டிலை வாயில் கவிழ்த்து, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். ஹாலில் ஓர் அம்மா வீறிட்டாள். நாற்காலிகள் நகர்ந்தன. மேடம் எழுந்தேவிட்டார். சுவரோரத்திலிருந்து ராஜாத்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"பயப்படாதீங்க. இது பாலும் தண்ணியும். சார் எனக்குன்னு கொண்டாந்தாரு. ஒடம்புக்கு ஆகாதாம், அதனால மருந்து வேணாம்னு அவரே சொன்னாரு. நல்ல மனசு."

முதுகிலிருந்து டேங்க்கை இறக்கினேன். குங்குமம் இட்ட நெற்றி ஜனங்களைப் பார்க்கிற மாதிரி மேடை நடுவில் வைத்தேன். பீச்சுக் குழாயை எடுத்து அந்தக் காலி பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்தேன். நிரம்பியது. பார்க்க அதே வெள்ளை. ஆனால் அந்த நெடி கிளம்பி முன்வரிசைக்குப் போனதும் புடவைத் தலைப்புகள் மூக்குக்கு ஏறின. குழந்தை வைத்திருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். என் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. விழுங்காமல் மேடையிலேயே துப்பினேன்.

பாட்டிலை ராஜாராமன் சாரிடம் நீட்டினேன்.

"இது எங்க டேங்க்ல இருக்கற மருந்து சார். தெனம் வீட்டுக்கு வீடு அடுப்படியில அடிக்கறது, நாங்க நக்கறது. மொத நாள் எங்களுக்குக் கை காட்டினீங்களே, அதே பாட்டில்தான் இது. மூடியைப் பாருங்க, அடையாளம் தெரியும். இப்போ காட்டுங்க."

சார் சிரித்தார். பாவம், உடம்பு சரியில்லாதவள், டென்ஷனில் என்னவோ பேசுகிறாள் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்து பிள்ளைகள் ஒளித்துக்கொள்கிற மாதிரி.

காமாக்ஷி மேடம் மேடைப் படியேறி வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"மிஸ்டர் ராஜாராமன், அவ ஒண்ணும் பெரிசா கேக்கலையே" என்றார். "இத்தனை நாளா நான் சொல்லிச் சொல்லி என் ஆத்துல அவ பண்ணினாளே, அதைத்தானே கேக்கறா. கையை நீட்டுங்கோ."

அவர் நீட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இன்னொரு மீட்டிங் இருக்கிறது, நேரமாகிவிட்டது என்றார். ஹால் முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது கைக்குட்டையோடு பாக்கெட்டுக்குள் போய் அங்கேயே இருந்துவிட்டது.

ராஜாத்தி மேடையேறித் தன் டேங்க்கை என் டேங்க்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டாள். இடுப்புப் பையை அவிழ்த்து அதையும் வைத்தாள். மற்றப் பெண்களும் வந்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். கொலுவுக்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு டேங்க்குகள் வரிசையாக நின்றன.

வேன் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அது எதிர்பார்த்ததுதான். மெட்ரோ ஏறிப் பஸ் பிடித்துத்தான் நரேலா வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் படியில் என் நெஞ்சு நின்று நின்று அடித்தது. உட்கார்ந்துவிட்டேன். ராஜாத்தி தண்ணீர் கொடுத்தாள். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குள் நடப்பது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், யார் செய்தது என்றும் தெரியும். மறுநாள் காலையிலேயே ராஜாத்தியையும் மற்றவர்களையும் ஜ்யோத்ஸ்னா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சு நிறைய உட்கார்ந்தோம். எல்லோருக்கும் வயர் ஒட்டிக் கோடு எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை என்ன வேலை என்று கேட்டதற்கு மூலிகை என்று யாரும் சொல்லவில்லை.

வேலை இல்லை. விஜயன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நாலாம் நாள் டீ போட்டுக் கொடுத்தார். காமாக்ஷி மேடம் அவர்கள் சொசைட்டி சார்பில் புகார் கொடுக்கப் போவதாகவும் நான் வந்து சொல்ல வேண்டும் என்றும் போன் செய்தார். வருகிறேன் என்றேன். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன், எந்த மேடையிலும் சொல்கிறேன் என்றேன். கடைசியில் அவர், தன் வீட்டில் அப்படிக் கை காட்டச் சொன்னதற்கு என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அதை அவரே எப்போதாவது சொல்லட்டும்.

சார் பக்கத்து ஆட்கள் சும்மா இல்லை. மதராசி கேம்ப் பொம்பளைகளுக்கு நன்றி கிடையாது என்று பேசுகிறார்களாம். வேன் விட்டவரை, ஆப்பிள் வாங்கிக் கொடுத்தவரைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். போன கிருத்திகைக்குக் கோயில் படியில் ஒருவர் என்னை நிறுத்தி, ராஜாராமன் எப்பேர்ப்பட்ட நல்லவர் தெரியுமா என்று கேட்டார்.

இருக்கட்டும். கையை மட்டும் நீட்டச் சொல்லுங்கள் என்றேன்.